தபால் அட்டையின் நடுவில் நிற்பவர்

அந்தீம் கோத்ரி சேணம் தைப்பவர். அவருடைய அப்பாவுக்கும் அதே தொழில்தான். வார்ஸெல் ஊரில் மாதா கோயிலுக்குப் பின்பக்கம், லாடம் அடிக்கும் பட்டறையை ஒட்டினாற்போல அவர் கடை இருந்தது. தோலை விரலால் தடவியே இது கன்று, இது பசு, இது இரண்டு கோடை வெயிலில் கிடந்தது என்று சொல்லிவிடுவார். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் தோலைப் பற்றித்தான் பேசுவார். அவர் மனைவி ஒர்த்தான்ஸ் ஊராருக்குத் துணி வெளுத்துக் கொடுப்பவள். வீட்டுக்குத் தேவையான பேச்சையெல்லாம் அவளே பேசிக்கொண்டாள்.

இருபத்து நான்கு வயதில் ராணுவச் சேவை முடிந்து டிஜோனிலிருந்து திரும்பியதும் அந்தீம் ஊர்த் தீயணைப்புப் படையில் சேர்ந்தார். சம்பளம் கிடையாது. அடுமனைக்காரர், தச்சர், பீப்பாய் செய்பவர், கல் உடைப்பவர் என்று பதினெட்டுப் பேர். கோயில் மணி விடாமல் அடித்தால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும், அவ்வளவுதான். ஊருக்கு ஒரு கைப்பம்பு. சக்கரம் வைத்த செம்புத் தொட்டி, அதன் இரண்டு பக்கமும் நீண்ட கட்டை. பக்கத்துக்கு நாலு பேர் நின்று மேலும் கீழும் அழுத்துவார்கள். மற்றவர்கள் தொட்டியை வாளி வாளியாக நிரப்புவார்கள். தண்ணீர் நெருப்பிடம் போய்ச் சேர்வது தோல்குழாய் வழியாக. நாற்பது மீட்டர் நீளத்துக்குக் கனத்த பசுத்தோல், ஓரங்களை மடித்துச் செம்பு ஆணி அடித்து மூட்டியது. பெரிய நகரங்களில் துணிக்குழாய் வந்துவிட்டது. எங்கள் மேயரைக் கேட்டால், "தோல் இன்னும் கிழியலையே, அப்புறம் என்ன?" என்பார்.

தோல் கிழியாமல் இருந்ததற்குக் காரணம் அந்தீம். சேர்ந்த முதல் வருடமே குழாய்களை அவர் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும், மாட்டுக் கொழுப்பையும் மீன் எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் குழாய் முழுக்கத் தேய்ப்பார். மடிப்புகளில் விரலை விட்டுத் தேய்ப்பார். கொழுப்பு இல்லாத தோல் காய்ந்து ரொட்டி மேலோடு மாதிரி ஆகிவிடும், தண்ணீர் வேகமாக வந்தால் மடிப்பில் பிளந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அது அவருக்கு மட்டும்தான் நன்றாகத் தெரியும் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கதை முழுக்க அதைப் பற்றியதுதான்.

"எண்ணெய் காய்ச்சுற அன்னிக்கு என் கடைக்கு யாரும் ரொட்டி வாங்க வர்றதில்லடா," என்பார் ஃபிர்மன். அடுமனைக்காரர், படையில் ஊதுகொம்பு ஊதுபவர். "ரொட்டியில மீன் நாத்தம் அடிக்குதாம். நீ நெருப்பை அணைக்கிறியோ இல்லையோ, என் வியாபாரத்தை அணைச்சிடுவ."

"மூக்கைப் பொத்திக்க," என்பார் அந்தீம்.

பதினைந்து வருடம் ஒரு மாதம்கூட விட்டதில்லை.

1907 மே மாதம் மோன்த்ரோல் ஊருக்குத் தபால் அட்டை வந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஊருக்கும் அட்டை வந்துகொண்டிருந்தது. கோயில், ஆற்றங்கரை, ரயில் நிலையம், பள்ளிக்கூட வாசல் என்று எல்லாவற்றையும் படம் பிடித்து அச்சடித்துப் புகையிலைக் கடைகளில் தொங்கவிட்டார்கள். பக்கத்து ஊரான மோன்த்ரோலுக்கு வந்ததோ அவர்களுடைய தீயணைப்புப் படையின் படம். பம்போடு, கொடியோடு, வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

எங்கள் கேப்டன் ராவியே மருந்துக்கடை வைத்திருந்தவர். மேயரின் தங்கையைக் கட்டியவர். அந்த அட்டையைப் பயிற்சிக்கு எடுத்து வந்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார்.

"நல்லாப் பாருங்க. இவனுங்க பம்பு நம்ம பம்புல பாதி இருக்குமா? போன வருஷம் வைக்கோல் போர் எரிஞ்சப்ப நாமதானே போய் அணைச்சோம்? ஆனா அட்டையில பாரு, பாரீஸ் படை மாதிரி நிக்கிறானுங்க!"

"மீசைக்கு மெழுகு போட்டிருக்கானுங்க கேப்டன்," என்றார் ஃபிர்மன்.

"நாமும் போடுவோம்."

ஜூன் மாதம் ஓஸேரிலிருந்து திஸெரோன் என்ற படக்காரர் வந்தார். பெரிய பெட்டியும் கறுப்புத் துணியுமாக வாடகை வண்டியில் வந்து இறங்கி, சதுக்கத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். வெறுமனே வரிசையில் நிற்பதெல்லாம் பழசாகிவிட்டது என்றார். பம்பை நீரூற்றின் பக்கத்தில் நிறுத்துங்கள், குழாயை ஆறு பேர் தோளில் தாங்கி நில்லுங்கள், நிஜமாகவே தண்ணீர் பீச்சுங்கள்.

"எல்லாரும் வெள்ளைக் காற்சட்டை போடுங்க, முஸ்யே ராவியே. கறுப்புக் குழாய், வெள்ளைக் காற்சட்டை. அட்டையில அப்படியே பளிச்சுனு எடுத்துக் காட்டும்."

கேப்டன் அந்தீமைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"குழாய்ல இருக்கிற பிசுக்கை என்ன பண்றது? தோள்ல போட்டா வழிஞ்சு எல்லாக் காற்சட்டையும் நாசமாயிடும். அப்புறம் பதினெட்டுப் பெண்டாட்டியும் என் கடைக்கு வந்து நிப்பாங்க."

"கொழுப்பு இல்லாம அது இருக்கக் கூடாதுங்க, கேப்டன்."

"ஒரு ஞாயித்துக்கிழமைதானே, அந்தீம். ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை."

மறுத்திருக்கலாம். பிற்பாடு அவர் தனக்குத்தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டதும் அதுதான். கேப்டன் ஒன்றும் கட்டளை போடவில்லை, கேட்டார். உண்மை என்னவென்றால் அந்தீமுக்கும் அந்த அட்டையில் ஆசை இருந்தது. கறுப்பாக, பாலிஷ் போட்ட காலணி மாதிரி மின்னும் நாற்பது மீட்டர் குழாயை அவர் மனதில் பார்த்துவிட்டார். அதைப் பார்க்கிறவர்கள், இது யார் வேலை என்று கேட்பார்கள்.

ஒர்த்தான்ஸின் சலவைச் சோடாவில் இரண்டு கைப்பிடி எடுத்து வெந்நீரில் கரைத்து, குழாய் முழுவதையும் தேய்த்துக் கழுவினார். பதினைந்து வருடக் கொழுப்பு பழுப்பு நுரையாகச் சாக்கடையில் ஓடியது. காய்ந்த பிறகு கறுப்பு மையும் மெழுகும் போட்டு, குதிரை மயிர்த் தூரிகையால் பளபளக்கத் தேய்த்தார். வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தார். துணியில் ஒரு கறை இல்லை.

படம் அருமையாக வந்தது. ஜூலை முதல் வாரத்திலேயே அட்டை கடையில் தொங்கியது. ஒர்த்தான்ஸ் ஐந்து வாங்கி தன் அக்காள் தங்கைகளுக்கு அனுப்பினாள். படம் எடுத்த மறுநாளே அந்தீம் கொழுப்பு காய்ச்சுவதாகத்தான் இருந்தார். ஆனால் ஜூலை பதினான்காம் தேதி தேசிய நாள் ஊர்வலம் வந்தது, அதற்கும் வெள்ளைக் காற்சட்டைதான், கேப்டன் குழாயை அப்படியே வைத்திருக்கச் சொன்னார். ஊர்வலம் முடிந்தது. அறுவடை வந்தது. ஊர்க் குதிரைகளின் சேணமெல்லாம் ஒரே நேரத்தில் அறுந்ததுபோல வேலை குவிந்தது. குழாய் பம்புக் கொட்டகையில், தகரக் கூரைக்குக் கீழே, ஒரு முழுக் கோடையும் சுருண்டு கிடந்தது. கொட்டகையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்தீம் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். வர்ற ஞாயிறு, என்று சொல்லிக்கொள்வார்.

ஆகஸ்ட் இருபதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரத்தில் மணி அடித்தது.

எரிந்தது ஸெலீனா போத்ராவின் வீடு. ஊர்க் கோடியில், வீட்டோடு சேர்ந்த வைக்கோல் கொட்டகை. ஈரம் காயாமல் ஏற்றிய வைக்கோல் தானாகவே சூடேறிப் பற்றிக்கொண்டது. அவள் புருஷன் இஸிடோர் கல் செதுக்குபவர், வசந்தத்தில் பாரீசுக்குப் போனால் குளிருக்குத்தான் திரும்புவார். அவள் தனியாகத்தான் இருந்தாள். புகை நாற்றம் வந்ததுமே வாசலைத் தாண்டி ஓடி, வழியில் முயல் கூண்டின் தாழ்ப்பாளை மட்டும் தட்டித் திறந்துவிட்டு, கோயிலுக்குப் போய் மணிக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள்.

படை வந்து சேர்ந்தபோது நெருப்பு கொட்டகையின் கடைக்கோடியில் மட்டும் இருந்தது. குழல்முனையைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடியவர் அந்தீம். ஆகவே அவர் கண்ணால் பார்த்தார். வீட்டுக் கூரை தொடக்கூடப் படாமல் இருந்தது. கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த நாலு மீட்டர் கூரையை நனைத்தால் போதும். பத்து நிமிடத் தண்ணீர்.

"அழுத்துங்கடா!" என்று கத்தினார் கேப்டன்.

எட்டுப் பேர் அழுத்தினார்கள். குழாய் உப்பிக்கொண்டு வந்தது. அந்தீமின் கையில் குழல்முனை ஒரு தடவை துள்ளியது. பிறகு பின்னால் துணி கிழிவதுபோல ஒரு சத்தம், உடனே இன்னொன்று, உடனே மூன்றாவது. அவர் திரும்பிப் பார்த்தார். மூன்று இடத்தில், மடிப்போடு மடிப்பாக, குழாய் மீன் வயிறு மாதிரி பிளந்திருந்தது. தண்ணீரெல்லாம் ஆட்களின் காலணியில் கொட்டியது. கையில் இருந்த முனையிலிருந்து கொஞ்சம் ஒழுகி நின்றது.

அதன்பிறகு கைக்குக் கை வாளி மாற்றித்தான் ஊற்றினார்கள். அந்தீம் பைத்தியம் பிடித்தவர்போல மூன்று தடவை உள்ளே போனார். மெத்தையை இழுத்து வந்தார், மேசையை இழுத்து வந்தார், புருவம் கருகியது. ஒரு மணி நேரத்தில் வீட்டுக் கூரை உள்ளே விழுந்தது. ஸெலீனா தெருவில் மேசையின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் பம்பை இழுத்துக்கொண்டு திரும்பும்போது பலரும், "தோல் பழசு, மேயர் துணிக்குழாய் வாங்கித் தந்திருக்கணும்," என்றார்கள். மேயர் கேப்டனுக்கு மைத்துனர். இரண்டு நாள் கழித்து கேப்டன் எழுதிய அறிக்கையில் தோலைப் பற்றிப் பேச்சே இல்லை. "அபாயம் அறிவிக்கப்பட்டதில் தாமதம்" என்று மட்டும் இருந்தது. தாமதம் ஏன் என்று ஊர் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டது. கூண்டு திறந்திருந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்களே.

"வீடு எரியுதாம், இவ முயலை எண்ணிக்கிட்டு இருந்தாளாம்!"

"ஒவ்வொண்ணுக்கும் பேரு சொல்லிக் கூப்பிட்டுத் தொறந்து விட்டாளாம்!"

ஒரே வாரத்தில் அவளுக்கு 'முயல்காரி' என்று பேர் வந்துவிட்டது. ஊர்ப் பெண்கள் துணி வெளுக்கும் துவைதுறைக் கட்டடத்தின் மாடியில் ஊராட்சி கொடுத்த அறையில் அவள் குடியேறியபோது, யாரோ கதவில் ஒரு முயல் தோலை ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தீமின் கடை அங்கிருந்து நாற்பது அடி. அவர் போய் அந்த ஆணியைப் பிடுங்கினார். தோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவருக்கு ஸெலீனாவின் கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை. திரும்பி வந்துவிட்டார்.

தீப்பிடித்த மூன்றாம் நாள் திஸெரோன் தன் பெட்டியோடு மறுபடி வந்தார். எரிந்த வீட்டுப் படத்துக்கு நல்ல கிராக்கி என்றார். படை முழுவதையும் கருகிய சுவருக்கு முன்னால் நிறுத்தினார். "புருவம் எரிஞ்சவர் யாரு? அவர் நடுவுல வாங்க. குழல்முனையை மாரோட சாய்ச்சுப் பிடிங்க. சிரிக்காதீங்க." சிரிக்கும் நிலையில் அந்தீம் இல்லை. ஆனால் நகர்ந்து போய் நடுவில் நின்றார். அதையும் செய்தார்.

அட்டையின் கீழே அச்சடித்திருந்தது: 'வார்ஸெல் தீ விபத்து. நம் வீரமிக்க தீயணைப்புப் படை. பாதிக்கப்பட்டவரின் உதவிக்காக.' முந்நூறு அட்டைகளை ஊராட்சி ஸெலீனாவிடம் கொடுத்தது. வியாழக்கிழமைச் சந்தையில், பாலாடைக்கட்டி விற்கிற பெண்களுக்கும் கோழிக்காரிக்கும் நடுவே, ஒரு பலகை போட்டு அவள் அந்த அட்டைகளை விற்க ஆரம்பித்தாள். ஆக, அந்தீமின் முகத்தைக் கூவி விற்றுத்தான் அவள் சாப்பிட வேண்டியிருந்தது.

ஒரு வியாழன் அவர் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பக்கமாகப் போனபோது அவளே கூப்பிட்டாள்.

"முஸ்யே கோத்ரி! எங்க ஓடுறீங்க? உங்க மூஞ்சி நல்லா விக்குது. முன்னாடி வந்த படத்தைவிட இதுதான் வேணும்கிறாங்க."

"அப்படியா."

"உங்களுக்கு ஒண்ணு சும்மாவே தரேன். எடுத்துக்கங்க. என் மெத்தையை இழுத்துட்டு வந்தவராச்சே."

அட்டையை நீட்டினாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாம், மதாம். கையெல்லாம் மெழுகு."

கையில் மெழுகு எதுவும் இல்லை. அவர் கையைப் பின்னால் கொண்டுபோகும் முன்பே அவள் அதைப் பார்த்துவிட்டாள். பக்கத்தில் இருந்த கோழிக்காரி, "முயல்காரி கையால வாங்க அவருக்குக் கூச்சமா இருக்கு போல," என்று சிரித்தாள். ஸெலீனாவின் முகம் கழுத்துவரை சிவந்தது. அட்டையைத் திரும்ப அடுக்கில் வைத்து, ஓரம் சரியாக இருக்கிறதா என்று தட்டிக்கொண்டே இருந்தாள்.

இல்லை, அதனால் இல்லை என்று அந்தீம் சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டே நடந்தார்.

வீட்டில் ஒர்த்தான்ஸுக்குத் தெரிந்துதான் இருந்தது. காலியான சோடா டப்பா அவளுடையதல்லவா. அவளாகவே ஒரு நாள் பேச்சை எடுத்தாள், துணியைப் பிழிந்துகொண்டே, அவர் பக்கம் பார்க்காமல்.

"அதுக்கப்புறம் குழாய்க்கு எண்ணெய் போட்டியா, இல்லையா?"

"இல்ல."

அவள் பிழிந்த துணியை மறுபடியும் பிழிந்தாள்.

"சொல்லாத. யாருகிட்டயும் சொல்லாத. தோலைக் கெடுத்தவன்னு பேரு வந்தா எவன்யா உன்கிட்ட சேணம் கொடுப்பான்? மூணு பிள்ளைங்க இருக்கு."

"அந்தம்மாவை முயல்காரிங்கிறாங்க, ஒர்த்தான்ஸ்."

"பேருதானே. மறந்துடுவாங்க."

மறக்கவில்லை. நவம்பரில் இஸிடோர் பாரீசிலிருந்து திரும்பினார். ரயிலிலேயே யாரோ அவரிடம் முயல் கதையைச் சொல்லிவிட்டார்கள். அவர் கத்துகிறவர் அல்ல, அடிக்கிறவர் அல்ல. சந்தையில் ஸெலீனா பலகைக்குப் பின்னால் நிற்கும்போது பத்தடி தள்ளி, சுவரில் சாய்ந்து, புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டு நிற்பார். அவளைப் பார்க்கவே மாட்டார். துவைதுறைக்கு வரும் பெண்கள் ஒர்த்தான்ஸிடம் சொன்னார்கள்: "அவங்க பேசிக்கிறதே இல்லையாம். குளிர் முடிஞ்சதும் அவன் பாரீசுக்கே போய் இருந்துக்கப் போறானாம். இவளைக் கூட்டிட்டுப் போக மாட்டானாம்." ஒர்த்தான்ஸ் அதை வீட்டில் வந்து சொல்லவில்லை. ஆனால் அந்தீம் கடையிலிருந்தே கேட்டுவிட்டார். துவைதுறைப் பேச்சு அந்தச் சந்து முழுக்கக் கேட்கும்.

டிசம்பர் முதல் ஞாயிறு புனித பார்பராவின் திருநாள் கொண்டாட்டம். தீயணைப்புப் படைகளுக்கெல்லாம் அவர்தான் பாதுகாவலி. காலையில் கொடியோடு பூசை, மத்தியானம் விடுதிக் கூடத்தில் விருந்து. சூப்பு, வேகவைத்த கன்றுத் தலை, வறுத்த வாத்து, ஊர்த் திராட்சை ரசம். சுவரில் இரண்டு அட்டைகளையும் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். வாத்து வருவதற்கு முன்னால் கேப்டன் எழுந்து, அந்தீம் கோத்ரியைப் படையின் கார்ப்பரலாக உயர்த்துவதாக அறிவித்தார். சிவப்புப் பட்டை இரண்டு ஒரு தட்டில் தயாராக இருந்தன.

அந்தீம் எழுந்தார். காலையிலிருந்தே இதற்காகத்தான் குடிக்காமல் இருந்தார்.

"எனக்கு இது வேண்டாங்க. குழாய் வெடிச்சது என்னாலதான். நான் கொழுப்பு போடலை. சோடா போட்டுக் கழுவினேன், அதோட விட்டுட்டேன்."

 ஃபிர்மன் எழுந்து தன் கிளாஸைத் தூக்கினார்.

"பார்த்தீங்களா! ஊருல எல்லாரும் நாலு கிளாஸ் குடிச்சா வீரம் பேசுவாங்க. இவன் ஒரு கிளாஸ் குடிக்காமலே பாவமன்னிப்பு கேக்குறான்!"

கூடம் சிரித்தது. யாரோ கைதட்டினார்கள். "என்ன அடக்கம்! என்ன அடக்கம்!" என்றார் மேயர். கேப்டன் மேசையைச் சுற்றி வந்து அந்தீமின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். கொடுக்கும்போதே காதோரம் மெதுவாகச் சொன்னார்:

"எனக்கும் தெரியும். கழுவித் தரச் சொல்லிக் கேட்டதே நான்தான். உக்காரு. அறிக்கை போயாச்சு."

கையில் பட்டையைச் சுற்றி ஊசி குத்தினார். ஃபிர்மன் கொம்பை எடுத்து ஊதினார். வாத்து வந்தது. அந்தீம் உட்கார்ந்தார். உட்கார்ந்து, தன் தட்டில் வைத்ததைச் சாப்பிட்டார். தொடை எலும்பைக்கூடக் கையில் எடுத்துக் கடித்தார். வாழ்நாளில் தான் செய்த எல்லாவற்றிலும் அந்த வாத்தைச் சாப்பிட்டதுதான் கேவலமான காரியம் என்று பல வருடம் கழித்தும் அவர் சொல்வதுண்டு. குழாய் விஷயம் மறதி, சோம்பல், கொஞ்சம் பெருமை. இது அப்படியில்லை. தெரிந்தே உட்கார்ந்து மென்றார்.

பழம் பரிமாறும்போது எழுந்து வெளியே வந்தார். மணி மூன்றுகூட ஆகவில்லை, வெளிச்சம் இருந்தது. நேராகத் துவைதுறைக்குப் போய், படியேறி, கதவைத் தட்டினார். ஆணி இருந்த ஓட்டை அப்படியே இருந்தது.

இஸிடோர் கதவைத் திறந்தார். ஸெலீனா அடுப்பருகில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அந்தீமின் சீருடையையும் புதுப் பட்டையையும் பார்த்து எழுந்தாள்.

"விருந்துல இருந்து வர்றீங்களா? வாழ்த்துகள், முஸ்யே கோத்ரி."

"உக்காருங்க மதாம். இல்ல, நிக்கிறதுன்னா நில்லுங்க. நான் ஒண்ணு சொல்லணும். உங்க புருஷனும் கேக்கணும்."

சொன்னார். வெள்ளைக் காற்சட்டையிலிருந்து ஆரம்பித்து, சோடா, மெழுகு, ஊர்வலம், தகரக் கூரை என்று ஒன்று விடாமல் சொன்னார். தான் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக் கூரை முழுசாக இருந்ததையும், இதை விருந்தில் சொன்னபோது கூடம் சிரித்ததையும் சொன்னார்.

"நீங்க சரியான நேரத்துக்குத்தான் மணி அடிச்சீங்க. தண்ணி வந்திருந்தா வீடு நின்னிருக்கும். முயலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

 இஸிடோர் புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு ஊர் திரும்பியதிலிருந்து முதல்தடவையாகத் தன் மனைவியின் முகத்தை நேராகப் பார்த்தார். அதைத் தாங்க முடியாமலோ என்னவோ, தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

ஸெலீனா கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"மூணரை மாசம்," என்றாள். "ஒவ்வொரு நாளும் நானே எண்ணிப் பார்ப்பேன். தாழ்ப்பாளைத் தட்டினது எவ்வளவு நேரம்னு. ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு எண்ணுற நேரம்தான். அந்த மூணுலதான் வீடு போச்சுன்னு நானே நம்பிட்டேன், தெரியுமா? அவரு முகத்தைத் திருப்பிக்கிட்டப்ப சரிதான்னு வாயை மூடிக்கிட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் எதிர்க்கடையில உக்காந்து தச்சுக்கிட்டு இருந்தீங்க."

"ஆமா."

"மன்னிச்சேன்னு சொல்லுவேன்னு வந்தீங்களா?"

"இல்ல, மதாம்."

"நல்லது. எனக்கு அது இப்ப வராது." அவள் மூலையிலிருந்த மரப்பெட்டியைக் காலால் தள்ளினாள். "விருந்துல சொன்னேன்னீங்க, அவங்க சிரிச்சாங்கன்னீங்க. அங்க இருந்தது எல்லாம் உங்க ஆளுங்க. சந்தையில சொல்லுங்க. இன்னும் நூத்தி நாப்பது அட்டை இருக்கு. நீங்க வித்துக் கொடுங்க. வாங்குற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லி வித்துக் கொடுங்க. காசைச் சாயங்காலம் படியில வச்சுட்டுப் போங்க, மேல வர வேண்டாம்."

அந்தீம் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் ஒர்த்தான்ஸ் அழுதாள், திட்டினாள், பிறகு பலகைக்கு விரிக்க ஒரு வெளுத்த துணி எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் காலை அவர் பட்டைகளைக் கேப்டனின் மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்தார். கேப்டன் அதற்கப்புறம் தெருவில் அவரைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். அந்த வருடம் மூன்று பண்ணைக்காரர்கள் தங்கள் சேணங்களை மோன்த்ரோலுக்கு எடுத்துப் போனார்கள். ஒர்த்தான்ஸ் சொன்னது பொய்யாகவில்லை.

வியாழக்கிழமை வந்தது. உறைபனி விழுந்த காலை. அந்தீம் பலகை போட்டு, துணி விரித்து, அட்டைகளை அடுக்கி, பாலாடைக்கட்டிக்காரிகளுக்கும் கோழிக்காரிக்கும் நடுவே நின்றார். பழக்கமில்லாத தொழில். கூவத் தெரியவில்லை. முதல் ஒரு மணி நேரம் யாரும் வரவில்லை, தூர நின்று பார்த்தார்கள். ஃபிர்மன் மாவுக் கையோடு வந்தார்.

"என்னடா இது? கார்ப்பரல் சந்தையில கடை போட்டிருக்காரு?"

"கார்ப்பரல் இல்ல. திருப்பிக் கொடுத்துட்டேன்."

"விருந்துல சொன்னது..." ஃபிர்மனின் சிரிப்பு பாதியில் நின்றது. "நிஜமாவா?"

"நிஜம்."

ஃபிர்மன் கொஞ்ச நேரம் காலடியில் பனியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முயல் பெயரை வைத்து ரொட்டிக் கடையில் அவர் அடித்த நகைச்சுவைகள் ஊருக்கே தெரியும். அட்டை எதுவும் வாங்கவில்லை. திரும்பிப் போனார்.

பத்து மணி ரயிலில் வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். தடித்த கம்பளிச் சால்வை போர்த்திய ஒரு பெண் பலகைக்கு முன்னால் நின்று ஒரு அட்டையை எடுத்தாள். அட்டையைப் பார்த்தாள், அந்தீமைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

"இந்த நடுவுல நிக்கிறது நீங்கதானே?"

"ஆமா, மதாம்."

"அட! இந்த வீடுதானே அது? யாரோ முயலைத் தொறந்துவிட்டுக்கிட்டு மணி அடிக்க மறந்துட்டாளாமே, எங்க ஊர்ல எல்லாம் சொல்லிச் சிரிச்சாங்க."

கோழிக்காரி கழுத்தை நீட்டினாள். பாலாடைக்கட்டிக்காரிகள் பேச்சை நிறுத்தினார்கள். சந்தைக் கோடியில், சுவரோரம், இஸிடோரும் அவர் பக்கத்தில் ஸெலீனாவும் நின்றுகொண்டிருந்ததை அந்தீம் பார்த்தார். காது சுட்டது. பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கோழிக்காரிக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார்.

"மறக்கலைங்க. அந்தம்மா சரியான நேரத்துக்கு அடிச்சாங்க. நாங்களும் நேரத்துக்குத்தான் வந்தோம். தண்ணிதான் வரலை. ஏன் வரலைன்னு சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் வாங்குறதா இருந்தா வாங்கிக்கங்க."